நாஷும் ஒஸ்ரினும்: மறைந்த பெயர்கள், மறையாத வண்டிகள்

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது முதியோர் வாக்கு. யானைக்குப் பொருந்தும் இம்மொழி மோட்டார்க் காருக்குப் பொருந்துமா? பொதுவாகப் பொருந்தாது. விற்பனைக் கூடத்தின் வாசலைத் தாண்டிய அன்றே புதுக் காரின் விலை இறங்கத் தொடங்குகிறது. பத்தாண்டில் அது பழையது. இருபதாண்டில் பழைய இரும்பு. அதனைச் செய்த கம்பனியும் மறைந்துபோனால், உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது, பழுது பார்ப்பவர் யார் என்ற கேள்விகள் எழுந்து, அந்த வண்டியின் கதை முடிந்தது என்றே உலகம் தீர்மானித்துவிடுகிறது.

ஆயினும் யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக மண்டைதீவுச் சந்தியைக் கடந்து அல்லைப்பிட்டிக்கு வரும் வீதியிலே, உலகத்தின் இந்தத் தீர்மானத்தைச் சிறிதும் பொருட்படுத்தாத கார்களைத் தீவக மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கின்றனர். உருண்ட முதுகும், தடித்த மூக்கும், முன்னே பிதுங்கிய விளக்குகளும் கொண்ட ஒஸ்ரின் ஏ-40 கார்களே அவை. அவற்றைச் செய்த கம்பனியின் பெயர் 1980களின் பிற்பகுதியிலேயே புதிய கார்களிலிருந்து நீங்கிவிட்டது. நம் குடாநாட்டிலோ அதற்குப் பின்னர்தான் அவை தம் வாழ்நாளின் மிகக் கடினமான வேலையைச் செய்தன.

இந்த ஒஸ்ரினுக்கு அமெரிக்காவில் ஓர் உடன்பிறப்பு உண்டு என்பதை நம் மாணவர்களுட் பலர் அறியார். அதன் பெயர் நாஷ் மெற்றோபொலிற்றன். நாஷ் என்ற அமெரிக்கப் பெயரும் இன்று இல்லை. ஒரே தொழிற்சாலையிற் பிறந்து, ஒரே வகை இயந்திரத்தை நெஞ்சிற் சுமந்த இரண்டு வண்டிகள், ஒன்று செல்வம் மிகுந்த நாட்டிலும் மற்றொன்று உப்புக் காற்று வீசும் தீவுகளிலும், எவ்வாறு வாழ்ந்தன என்பதை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அனாதைச் சிறுவனும் அவன் கம்பனியும்

சார்ள்ஸ் நாஷ் என்பவர் 1864ஆம் ஆண்டிற் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரின் ஆதரவை இழந்து ஒரு பண்ணையிலே கட்டுண்ட வேலையாளாக ஒப்படைக்கப்பட்டவர். அங்கிருந்து தப்பியோடி, பல தொழில்களைச் செய்து, மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரிலிருந்த குதிரைவண்டித் தொழிற்சாலை ஒன்றிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். குதிரைவண்டிக் காலம் போய் மோட்டார்க் காலம் வந்தபோது, 1912இல் ஜெனரல் மோட்டர்ஸ் என்னும் பெருங் கம்பனியின் தலைவராகவும் ஆனார். 1916இல் அதிலிருந்து விலகி, விஸ்கொன்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் றாம்பிளர் என்ற காரைச் செய்து புகழ்பெற்றிருந்த ஜெபெரி கம்பனியை வாங்கி, அதற்குத் தம் பெயரையே சூட்டினார்.

போர்ட், ஜெனரல் மோட்டர்ஸ், கிறைஸ்லர் என்னும் மும்மூர்த்திகள் ஆட்சி செய்த அமெரிக்கச் சந்தையிலே நாஷ் ஒரு சிறிய கம்பனிதான். சிறியவன் பிழைக்கவேண்டுமானால் புதுமையாற் பிழைக்கவேண்டும் என்பதை அது உணர்ந்திருந்தது. 1938இல் வெளிக்காற்றை வடித்துச் சூடாக்கி வண்டிக்குள் அனுப்பும் சாதனத்தை அது வழங்கியது. 1941இல் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாக இணைந்த காரைப் பெருந்தொகையிற் செய்தது. 1950ஆம் ஆண்டுக் கார்களில் ஆசனப் பட்டியை விரும்பியோருக்குக் கொடுத்தது. ஆசனத்தைச் சாய்த்துப் படுக்கையாக்கும் வசதியையும் செய்துதந்தது. ஆசனப் பட்டி அணியாது போவோருக்கு இன்று நம் நாட்டிலும் தண்டம் உண்டு. அன்றோ வாங்கியவர்களே அதனை வேண்டாத சுமையெனக் கருதினர்.

அமெரிக்கக் கார்கள் ஆண்டுக்காண்டு நீண்டும் அகன்றும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், சிறிய கார் ஒன்றைச் செய்தால் என்ன என்று நாஷ் கம்பனியின் அடுத்த தலைவர் ஜோர்ஜ் மேசன் எண்ணினார். ஒரு குடும்பத்தின் இரண்டாவது காராகவும், கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் பெண்களுக்கு உகந்த காராகவும் அது இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. 1950இல் மாதிரி வண்டி ஒன்றைச் செய்து ஊர் ஊராகக் காட்டி, மக்களிடம் வினாத்தாள் கொடுத்து அபிப்பிராயம் கேட்டனர். மக்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அமெரிக்காவிலேயே அதனைச் செய்வதற்கு வேண்டிய அச்சுகளுக்கும் பொறிகளுக்கும் ஆகும் செலவை அந்த விலையில் மீட்க முடியாது என்று கணக்குக் கூறியது. ஆகவே மேசன் கடல் கடந்து இங்கிலாந்தை நோக்கினார்.

லோங்பிரிட்ஜில் ஒரு தொட்டில்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அருகே லோங்பிரிட்ஜ் என்னுமிடத்தில் ஹேபேர்ட் ஒஸ்ரின் 1905இல் நிறுவிய தொழிற்சாலை இருந்தது. ஒஸ்ரினும் எளிய தொடக்கமுடையவரே. இளமையில் அவுஸ்திரேலியா சென்று ஆட்டு மயிர் கத்தரிக்கும் பொறிகளைச் சீராக்கும் தொழில் செய்தவர். 1922இல் அவர் வெளியிட்ட 'ஒஸ்ரின் செவன்' என்ற சிறு கார் நடுத்தரக் குடும்பங்களையும் கார் உரிமையாளர் ஆக்கியது. அமெரிக்காவிலும் 1930 முதல் பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் அது செய்யப்பட்டது. அந்த முயற்சி நலிந்து, பின் 'பன்ரம்' என்ற பெயரில் உயிர்பெற்றது. அந்தப் பன்ரம் கம்பனியே 1940இல் அமெரிக்கப் படைக்கு முதலாவது ஜீப்பின் மாதிரியைச் செய்து கொடுத்தது என்பது சரித்திரம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. ஏற்றுமதி செய்பவர்க்கே உருக்கு என்ற நிலையில், 1947இல் ஒஸ்ரின் ஏ-40 கார் பிறந்தது. முதலில் வந்தது 'டெவன்'. 1952இல் உருண்டு திரண்ட 'சொமர்செற்' வந்தது. 1954இல் 'கேம்பிரிட்ஜ்' தொடர்ந்தது. இவையெல்லாம் இங்கிலாந்தின் இடப் பெயர்கள். புவியியற் பாடத்திற் படிக்காத இவ்விடங்களை நம் ஊர்ச் சாரதிகள் கார்களின் வாயிலாகவே மனப்பாடம் செய்தனர். ஏ-40இன் இயந்திரம் நான்கு உருளைகளும் 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடையது. ஏறக்குறைய 40 குதிரைவலு. ஆடம்பரம் அற்றது, திறந்து பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிவது, கைக்கு எட்டுவது. யப்பானின் நிசான் கம்பனியும் 1950களில் இதே ஒஸ்ரின் கார்களை உரிமம் பெற்றுச் செய்தே தொழில் பயின்றது.

இந்த ஏ-40 இயந்திரத்தைத்தான் நாஷ் தன் சிறு காருக்குத் தேர்ந்தது. 1952இல் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டு, 1953 ஒக்ரோபரில் லோங்பிரிட்ஜில் உற்பத்தி தொடங்கிற்று. அமெரிக்கர் வரைந்து, ஆங்கிலேயர் செய்து, கப்பலேறி அமெரிக்கா சென்ற அந்தக் கார் 1954இல் மெற்றோபொலிற்றன் என்ற பெயரில் 1,445 டொலர் விலைக்கு விற்பனைக்கு வந்தது. 1956இல் அதற்கு 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பொருத்தப்பட்டது. அதுவும் நாம் நன்கறிந்த ஒஸ்ரின் ஏ-50 கேம்பிரிட்ஜின் இயந்திரமே. ஆகவே யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு நின்ற ஒஸ்ரினின் மூடியைத் திறந்து பார்த்த ஒருவர், சிக்காகோ நகரத்துச் சீமாட்டி ஒருத்தியின் இரண்டாவது காரின் நெஞ்சையும் பார்த்தவரே ஆவர்.

அமெரிக்க உரிமையாளர் கண்ட இன்பமும் துன்பமும்

மெற்றோபொலிற்றனை வாங்கிய அமெரிக்கர் அதன் சிக்கனத்தை மெச்சினர். எங்கும் நிறுத்தலாம், எளிதில் திருப்பலாம் என்றனர். இரண்டு நிறம் பூசிய அதன் அழகும் பெண்களைக் கவர்ந்தது. குறைகளும் இருந்தன. பின்னாசனம் பெயருக்குத்தான், வளர்ந்தவர் அமர இயலாது. பொருள் வைக்கும் பெட்டிக்கு வெளியே கதவு கிடையாது. ஆசனத்தை மடித்து உட்புறமாகவே பொருளை எடுக்கவேண்டும். இக்குறை 1959இல்தான் நீங்கியது. கியரிலும் ஒரு விநோதம். ஒஸ்ரினின் நான்கு கியர்ப் பெட்டியில் முதலாவதை அடைத்து மூன்றாக்கியிருந்தனர். அமெரிக்கருக்கு மூன்று கியர்தான் பழக்கம் என்பதே காரணம்.

1954இல் நாஷ் கம்பனி ஹட்சன் கம்பனியுடன் இணைந்து அமெரிக்கன் மோட்டர்ஸ் ஆயிற்று. அதே ஆண்டு ஒக்ரோபரில் மேசன் காலமானார். அவருக்குப் பின் வந்த ஜோர்ஜ் றொம்னி, பிற்காலத்தில் மிச்சிகன் மாநில ஆளுநர் ஆனவர். அவர் தம் முயற்சியெல்லாவற்றையும் றாம்பிளர் என்ற ஒரே பெயரிற் குவித்தார். நாஷ், ஹட்சன் ஆகிய இரு பெயர்களும் 1957ஆம் ஆண்டுக் கார்களுடன் நீங்கின. மெற்றோபொலிற்றன் மட்டும் தனிப் பெயரில் 1962 வரை விற்கப்பட்டு ஓய்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்றவை ஏறக்குறைய 95,000. அமெரிக்கன் மோட்டர்ஸையும் 1987இல் கிறைஸ்லர் விழுங்கிற்று.

ஆனால் வண்டிகள் அனைத்தும் அழிந்துவிடவில்லை. உரிமையாளர்கள் சங்கம் அமைத்தனர். பாகங்களைத் தேடிப் பகிர்ந்தனர். பழுது பார்க்கும் முறைகளை அச்சிட்டுப் பரப்பினர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடித் துடைத்து மினுக்கி அணிவகுத்தனர். அங்கே பழைய காரைக் காப்பாற்றுவது ஒரு பொழுதுபோக்கு; விருப்பத்தால் வந்த அன்பு.

தீவகத்தில் ஒஸ்ரின்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சுதந்திரம் பெற்ற இலங்கை ஸ்ரேர்லிங் நாணய வட்டத்தில் இருந்தது. டொலர் அரிது. அமெரிக்கக் கார்கள் செல்வர் சிலரின் முற்றங்களில் நின்றன. ஆசிரியரும் வைத்தியரும் வணிகரும் வாங்கியவை பெரும்பாலும் ஆங்கிலக் கார்களே. ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போட் என்பன குடாநாட்டின் வீட்டுப் பெயர்களாயின. மலாயாவிலும் கொழும்பிலும் உழைத்தவர்கள் ஊருக்கு அனுப்பிய காசில் வந்தவை எத்தனையோ. இந்த வண்டிகளின் வயதை அறிய விரும்புவோர் இலக்கத் தகட்டைப் பார்த்தாற் போதும். ஆங்கில எழுத்துடைய தகடு பழையது. 1958இன் தொடக்கத்தில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக் கட்டாயமானதும், தமிழ்ப் பகுதிகளில் அதற்கெதிராக இயக்கம் எழுந்ததும் வரலாறு. ஒரு நாட்டின் அரசியல் காரின் நெற்றியிலும் எழுதப்படும் என்பதற்கு இது சான்று.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. 1970 முதல் 1977 வரை அது மேலும் இறுகிற்று. புதியது வராது, ஆகவே பழையது சாகக்கூடாது. இவ்வாறு ஒஸ்ரினின் இரண்டாம் பிறப்பு தொடங்கிற்று. தேய்ந்த பாகத்தைக் கடைசற் பட்டறையிற் கடைந்து பொருத்தும் வித்தை கராச்சுக்குக் கராச் வளர்ந்தது. 1977இன் பின் யப்பானியக் கார்கள் நாட்டை நிறைத்தபோதும், வடக்கிலே போர் வந்து அந்த வெள்ளத்தைத் தடுத்தது.

தீவகத்துக்கு இந்தக் கார்கள் செய்த சேவை தனிப்பட எழுதத் தக்கது. நள்ளிரவில் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றது, புங்குடுதீவுப் பாலம் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நயினை நாகபூஷணி அம்பாளின் அடியார்களை ஏற்றிச் சென்றது, மணமக்களைச் சுமந்தது, வெளிநாடு போகும் பிள்ளையைப் புகையிரத நிலையத்தில் விட்டு, வெறுமையாகத் திரும்பியது. எல்லாம் இந்த ஒஸ்ரின்தான். ஐந்து பேருக்குச் செய்த காரில் ஒன்பது பேர் ஏறினர். மேலே வாழைக்குலை வேறு.

தீவகத்தில் காருக்குப் பெரும்பகை வீதியன்று, காற்று. இருபுறமும் பரவைக் கடல். அலையின் உப்புத் தூவானம் தாம்போதியைக் கடக்கும் வண்டியின் அடிப்பகுதியிற் படிந்து இரும்பை அரிக்கும். நாம் உரையாடிய முதிய உரிமையாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாஸ்ரர், இந்த உப்புக் காத்துக்கு மனிசரே துருப்பிடிக்கிறம், கார் எம்மாத்திரம்?" அவர் கையாண்ட வைத்தியம் எளியது. கடற்காற்று மிகுந்த நாட்களில் ஓடித் திரும்பியதும் நன்னீரால் அடிப்பகுதியைக் கழுவுவார். மாதம் ஒருமுறை கழிவு ஒயிலைப் பூசுவார். டெவனுக்கும் சொமர்செற்றுக்கும் உடலுக்குக் கீழே தனியான உறுதிமிக்க அடிச்சட்டம் உண்டு. தகரம் உதிர்ந்தாலும் சட்டம் நிலைத்தால் வண்டி பிழைக்கும். புதுமையிற் சிறந்த நாஷ் 1941இலேயே கைவிடத் தொடங்கிய அந்தப் பழைய முறையே நம் கடற்கரைக்கு உகந்ததாயிற்று.

மண்ணெண்ணெய் குடித்த காலம்

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. அதன்பின் வடக்கின்மீது விழுந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப் பாகமும் அகப்பட்டன. மின்சாரமும் இல்லை. வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தைப் பயன்படுத்திய காலம் அது. அக்காலத்திற் கார்களை ஓட்டியது மண்ணெண்ணெய்.

மண்ணெண்ணெயில் கார் எவ்வாறு ஓடும் என்று மாணவர் வினவலாம். பெற்றோல் குளிரிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி ஆவியாகாது. ஆகவே ஆறிய இயந்திரத்தை அதனால் இயக்க முடியாது. இதற்கு நம்மவர் கண்ட வழி, சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோலும் தாங்கியில் மண்ணெண்ணெயும் வைத்து, நடுவே ஒரு திருகு குழாய் பொருத்துவது. பெற்றோலில் இயக்கி, இயந்திரம் நன்கு சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவர். நிறுத்துவதற்குச் சற்று முன்பு மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பினால்தான் கார்புரேற்றரில் அடுத்த முறைக்கு வேண்டிய பெற்றோல் தங்கும். பெற்றோல் துளித்துளியாக அளக்கப்பட்ட மருந்தாயிற்று. பற்றரி செத்துப்போன வண்டியை முன்புறத் துளையில் கம்பியைச் செருகிச் சுழற்றி உயிர்ப்பித்தனர். அந்தத் துளையும் கம்பியும் பழைய காருக்கே உரியவை.

இது வெறும் துணிச்சலன்று. இதனுள்ளே பௌதிகவியல் உண்டு. உருளைக்குள் காற்றும் எண்ணெயும் கலந்த கலவை எவ்வளவுக்கு நெருக்கப்படுகின்றதோ அவ்வளவுக்கு வெப்பம் ஏறும். மண்ணெண்ணெய்க் கலவையை அதிகம் நெருக்கினால், உரிய முறையில் எரியாமல் தானாகவே வெடித்துப் பிஸ்ரனை அடிக்கும். புதுக் கார்கள் கலவையை ஒன்பது பத்து மடங்கு நெருக்குவன. ஏ-40 ஏறக்குறைய ஏழு மடங்குதான் நெருக்கும். தீப்பொறி விழும் நேரத்தையும் சற்றுப் பின்தள்ளிவிட்டால் அது மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொள்ளும். போருக்கு முந்திய இங்கிலாந்தின் உழவு இயந்திரங்களும் பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் போன்ற மலிந்த எண்ணெயில் ஓடியவைதாம். அந்த நூல்களைப் படியாத நம் மெக்கானிக்குகள் அதே முடிவைத் தம் கையாற் கண்டடைந்தனர். ஒருவர் சொன்னது: "புதுக் காருக்கு மண்ணெண்ணெய் குடுத்தால் இருமும். ஒஸ்ரினுக்குக் கஞ்சி குடுத்தாலும் குடிச்சிட்டு ஓடும்."

இதற்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும், தாங்குருளைகள் தேயும், பிளக்கிற் கரி படியும், வெண்புகை பின்தொடரும், வண்டிக்குள் இருந்தோர் கண்ணெரிந்து இருமினர். அன்று ஒயிலும் அரிது. இந்தச் சாமர்த்தியத்தைப் புகழும்போது, அது வேண்டிவந்த துயரத்தையும் நாம் மறக்கலாகாது. விருப்பத்தால் எவரும் மண்ணெண்ணெய் ஊற்றவில்லை. பற்றாக்குறையை ஒரு பெருமையாக்கிப் பேசுவது, நோயாளியை ஏற்றிச் செல்ல வண்டியின்றித் தவித்தவர்களுக்கு நீதி செய்வதாகாது.

இடம்பெயர்ந்த கார்கள்

1990 ஆகஸ்டில் தீவகத்தின் இக்கரைக் கிராமங்கள் போர்க்களமாயின. அல்லைப்பிட்டியிலிருந்து மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். மேலே குறித்த முதியவரின் குடும்பம் தங்கள் சொமர்செற்றிற் பட்டினத்தை அடைந்தது. 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அந்தச் சனவெள்ளத்தில் அவர்களுடைய காரும் இருந்தது. ஓடியது என்பதைவிட ஊர்ந்தது என்பதே பொருந்தும். எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக இயந்திரத்தை நிறுத்தி, ஆண்கள் தள்ள, உள்ளே முதியோரும் குழந்தைகளும் பானை சட்டிகளும் இருந்தனராம். தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் அது பல வாரங்கள் வீடாகவும் இருந்தது. "பிள்ளையளுக்கு அதுக்குள்ளதான் படுக்கை. மழைக்கு ஒழுகாத கூரை எங்களிட்ட அது ஒண்டுதான்" என்றார் அவருடைய மனைவியார்.

சாய்த்துப் படுக்கும் ஆசனத்தை உல்லாசப் பயணிகளுக்காகக் கண்டுபிடித்த நாஷ் கம்பனியை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டோம். அங்கே ஏரிக்கரையில் விடுமுறை இரவைக் கழிக்கக் காரிற் படுத்தனர். இங்கே வீட்டை இழந்து படுத்தனர்.

2002இல் போர் நிறுத்தம் வந்து, ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது, பெற்றோல் மீண்டது. கூடவே புதிய வண்டிகளும் வந்தன. 2006 ஆகஸ்டில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. அதே மாதம் எறிகணைகளுக்கு அஞ்சி அல்லைப்பிட்டி மக்கள் இன்னொரு முறை ஊரை விட்டு ஓடினர். காரை எல்லாராலும் கொண்டுபோக முடியவில்லை. திரும்பி வந்தபோது சிலர் கண்டது ரயரும் கண்ணாடியும் இல்லாத வெறுங் கூட்டை. அதன் வயிற்றில் எருக்கலை முளைத்திருந்தது.

விற்பதா, வைப்பதா?

போர் ஓய்ந்த 2009இன் பின் நிலைமை தலைகீழாயிற்று. முச்சக்கர வண்டியும் யப்பானியக் காரும் வாடகைத் தொழிலைப் பிடித்தன. இதுவரை தேவைக்காக வாழ்ந்த ஒஸ்ரின், இப்போது பழம்பொருள் என்ற மதிப்பைப் பெற்றது. தெற்கிலிருந்து சேகரிப்பாளர் வந்து விலை பேசினர். யானைப் பழமொழி பலித்தது என்றே சொல்லவேண்டும்.

முதியவரின் மகன் வெளிநாட்டிலிருந்து எழுதுகின்றாராம், "அப்பா, நல்ல விலை வந்தால் குடுத்துவிடுங்கோ" என்று. மகளின் வீட்டுக்கு இன்னும் ஓர் அறை கட்டவேண்டியிருக்கிறது. முதியவருக்கு மனமில்லை. "அறை கட்டினால் அறை மிஞ்சும், அது சரிதான். ஆனால் கார் போனால், நாங்கள் வந்த வழி எல்லாம் போயிடும் போல கிடக்கு" என்றார். அவருக்குப் புத்தி சொல்லும் தகுதி நமக்கில்லை. குடும்பத்தின் தேவையை ஒரு பழைய இரும்புக்காகத் தள்ளிவைக்கச் சொல்வது எளிது. அதன் செலவைச் சொல்பவர் கொடுப்பதில்லை. விற்பவரைப் பழிப்பதும் தகாது. சேகரிப்பாளரிடம் போகும் வண்டி உடைந்து இரும்பாவதிலும் பார்க்க நல்ல கதியையே அடைகின்றது.

ஆயினும் ஒன்றை மட்டும் கேட்கவேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் நாஷ் மறைந்தபோது உரிமையாளர்கள் வண்டியை மட்டும் காக்கவில்லை. அதனைப் பழுது பார்க்கும் அறிவையும் எழுதிக் காத்தனர். நம்மிடத்தில் அந்த அறிவு முதிய மெக்கானிக்குகளின் விரல் நுனியில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. தீப்பொறி நேரத்தை எவ்வளவு பின்தள்ளுவது, எந்தப் பாகத்துக்கு வேறெந்த வண்டியின் பாகம் ஈடாகும், அரித்த சட்டத்தை எங்கே ஒட்டினால் தாங்கும் என்பனவெல்லாம் அவர்களோடு போய்விடக்கூடியவை. கார் விலைபோனாலும் இந்த அறிவு நம்மிடம் மிஞ்சலாம்; எழுதினால் மிஞ்சும்.

இந்தியாவிலே மொரிஸ் ஒக்ஸ்போட் காரை 'அம்பாசடர்' என்று பெயர் மாற்றி 2014 வரை ஒரு பெருந் தொழிற்சாலை செய்து வந்தது. நமக்குத் தொழிற்சாலை இருக்கவில்லை. கிடுகுக் கொட்டிலும், சில சாவிகளும், பொறுமையும் இருந்தன. லோங்பிரிட்ஜில் 2005இல் கம்பனி முறிந்து ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்களுடைய மூத்தோர் செய்த இயந்திரங்கள் அப்போதும் நம் ஒழுங்கைகளில் ஓடிக்கொண்டிருந்தன என்பதை அவர்களிற் பெரும்பாலோர் அறிந்திருக்கமாட்டார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இத்தகைய கார் ஒன்று நின்றால், அதனைப் படம் பிடிப்பதோடு அமையாதீர்கள். உரிமையாளரிடம் அது எப்போது, எவ்வாறு, எவருடைய உழைப்பில் வந்தது என்று கேளுங்கள். அதனைத் திருத்தியவரைத் தேடிச் சென்று, ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு அருகே அமருங்கள். வெப்பவியலும் பொறிமுறையும் பள்ளிக்கூடத்திற் படித்தவைதாம். அவை மண்ணெண்ணெய் மணத்தோடு எவ்வாறு உயிர்பெற்றன என்பதை அவர் சொல்லித் தருவார். சில பக்கங்களாவது எழுதிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். வீட்டிலுள்ள பெரியோர் இதற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று உதவவேண்டும். முதியவர்களுக்கு வயதேறுகிறது, அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிவைக்கக் கூடிய வேலையன்று இது.